உடல் அசையும்போது மூளைக்குள் நடக்கும் வரவு செலவு

தராசு இல்லாமல் நம் தொழில் இல்லை. ஆனால் மனித மூளையையே தராசில் வைத்து எடை பார்க்க முயன்ற ஒருவர் இருந்தார் என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். இத்தாலி நாட்டு டூரின் நகரைச் சேர்ந்த உடலியல் அறிஞர் ஆஞ்செலோ மோசோ என்பவரே அவர். 1880களில் அவர் ஒரு பெரிய மரப்பலகையை நடுவில் மட்டும் தாங்கி நிற்கும்படி அமைத்தார். அதன் மேல் ஒரு மனிதரைப் படுக்கவைத்து, தலைப்பக்கமும் கால்பக்கமும் சமமாக நிற்கும் வரை எடைகளைச் சரிசெய்தார். பிறகு அவரிடம் படிக்கக் கொடுத்தார். மூளை வேலை செய்தால் அங்கே இரத்தம் கூடுதலாகப் போகும், தலைப்பக்கம் தாழும் என்பது அவர் கணக்கு. பலகை தாழ்ந்தது என்றுதான் அவர் எழுதி வைத்தார்.

தராசு தாழ்ந்ததற்கு மூளைதான் காரணமா? மூச்சு சற்று ஆழமானால்கூடப் பலகை ஆடும். தட்டில் சரக்கு வைப்பதற்கு முன் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பது நம் கடைப் பையனுக்கும் தெரிந்த பாடம். மோசோவும் அதை அறிந்தவரே. மூச்சினால் வரும் ஆட்டத்தைத் தனியே பிரித்துப் பார்க்கக் கூடுமானவரை முயன்றார். இருந்தாலும் உயிருள்ள மனிதனை அசையாத மூட்டை போல் எடை போட இயலவில்லை. அதே மோசோதான் விரலால் ஓர் எடையைத் திரும்பத் திரும்பத் தூக்கச் செய்து, களைப்பு எப்படி ஏறுகிறது என்பதைக் கோடாக வரையும் கருவியையும் செய்தார். அசைவையும் அளந்தார், மூளையையும் அளக்க முயன்றார். இரண்டையும் ஒரே நேரத்தில் அளப்பதுதான் பெரும் சிக்கலாக நின்றது. இன்றளவும் அந்தச் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. அது எந்த அளவுக்குத் தீர்ந்திருக்கிறது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

மூளைக்குள் போகாமலே அதன் செலவை அறியும் வழியைக் கண்டவர்கள், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் பணியாற்றிய சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும் ஆவர். 1945 முதல் 1948 வரை அவர்கள் உருவாக்கிய முறை நம் கடைக் கணக்கேதான். கிடங்குக்குள் எவ்வளவு சரக்கு போனது, எவ்வளவு திரும்ப வெளியே வந்தது என்று வாசலில் நின்று எழுதினால், உள்ளே செலவானது எவ்வளவு என்பது தானே தெரிந்துவிடும். மூளைக்குப் போகும் இரத்தத்தைக் கை அல்லது தொடையில் உள்ள தமனியிலிருந்து எடுத்தார்கள். மூளையிலிருந்து திரும்பும் இரத்தத்தைக் கழுத்தின் உட்பக்கத்துச் சிரையிலிருந்து எடுத்தார்கள். ஒரு நிமிடத்தில் எவ்வளவு இரத்தம் ஓடுகிறது என்பதை அறிய, சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடைச் சிறிதளவு கலந்து 10 நிமிடம் சுவாசிக்கச் செய்தார்கள்.

கிடைத்த கணக்கு வியப்பானது. உடல் எடையில் மூளை ஏறத்தாழ 2 சதவீதமே. ஆனால் சும்மா இருக்கும் உடல் செலவிடும் பிராணவாயுவில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போகிறது. வீட்டில் சிறியவன் ஒருவன், சாப்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கு அவனுக்கு! மூளையிடம் சேமிப்பும் மிகக் குறைவு. அன்றன்று வாங்கி அன்றன்று தீர்க்கும் கடை அது. ஆகவேதான் சில நிமிடம் இரத்தம் நின்றால்கூட அது தாங்குவதில்லை.

இதில் நமக்கு மிகவும் பொருந்தும் ஒரு சோதனை உண்டு. 1955ஆம் ஆண்டு லூயி சோகோலாஃப் என்பவரும் கெட்டியும் மற்றவர்களும் சேர்ந்து, சிலரைப் படுக்கவைத்து மனக்கணக்குப் போடச் சொல்லி மூளையின் செலவை அளந்தார்கள். கணக்குப் போடும்போது மூளை மொத்தத்தில் கூடுதலாகப் பிராணவாயு செலவிடவில்லை. வருட முடிவில் கணக்கு முடித்துவிட்டுத் தலை கனக்கிறது என்று நாம் சொல்லிக்கொள்வதற்கு, இந்த அளவுகோலில் சான்று கிடைக்கவில்லை. மூளைக்குள் ஓர் அறையில் செலவு கூடியிருக்கலாம். ஆனால் வாசலில் நின்று மொத்த வரவு செலவு எழுதுபவனுக்கு எந்த அறையில் விளக்கு எரிந்தது என்பது தெரியாது. இந்த முறையின் குறை அதுதான்.

இருந்தும் உடல் அசையும்போது பயன்படுத்தக்கூடியது இந்த முறையே. மிதிவண்டியோ படகுத் துடுப்போ இயக்கிக்கொண்டிருப்பவரின் கழுத்துச் சிரையில் மெல்லிய குழாயைப் பொருத்தி வைத்துக்கொள்ளலாம். டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரத்து ஆய்வாளர்கள் இப்படிப் பல ஆண்டுகள் அளந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

மூளை சாதாரணமாக எரிப்பது குளுக்கோஸ் சர்க்கரை. ஒரு மூலக்கூறு குளுக்கோஸை முழுதாக எரிக்க ஆறு மூலக்கூறு பிராணவாயு வேண்டும். ஓய்வில் இருக்கும்போது மூளை வாங்கும் இரண்டையும் ஒப்பிட்டால் விகிதம் ஏறக்குறைய ஆறு என்று வருகிறது. கணக்குச் சரி. ஆனால் மனிதர் கடுமையாக உழைக்கும்போது தசைகளிலிருந்து லாக்டேட் என்ற பொருள் இரத்தத்தில் ஏறுகிறது. மூட்டை தூக்கினால் கை கடுக்கிறதே, அப்போது தசையில் சேர்வதாக நாம் கேள்விப்படுவது இதைத்தான். கழிவு என்று நெடுநாள் கருதப்பட்ட இந்த லாக்டேட்டை மூளை ஆவலாக வாங்கிக்கொள்கிறது! அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆறு என்ற விகிதம் நன்றாக இறங்கிவிடுகிறது. அதாவது உள்ளே போன சரக்கு, எரிந்ததாகக் காட்டும் அளவைவிட அதிகம். சரக்கு வந்ததற்குச் சிட்டை இருக்கிறது, விற்றதற்குச் சிட்டை இல்லை. மீதி எங்கே போனது என்பதற்கு முழு விளக்கம் இன்னும் முடிவாகவில்லை. நம் கடையில் இப்படி ஆனால் இரவு தூக்கம் வராது. அறிவியலில் இப்படிப்பட்ட இடத்திலிருந்துதான் அடுத்த ஆராய்ச்சி தொடங்குகிறது.

இனி, எந்த அறையில் செலவு என்பதைக் காட்டும் முறைக்கு வருவோம். பெட் ஸ்கேன் என்ற சொல் இன்று புற்றுநோய் மருத்துவத்தால் ஊரெல்லாம் தெரிந்த சொல்லாகிவிட்டது. 1970களில் அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இது உருப்பெற்றது. கதிரியக்கம் உள்ள ஓர் அணுவைச் சர்க்கரை போன்ற பொருளில் கோத்து ஊசி மூலம் செலுத்துகிறார்கள். அந்த அணு சிதையும்போது எதிரெதிர்த் திசைகளில் இரண்டு கதிர்கள் கிளம்புகின்றன. தலையைச் சுற்றியுள்ள வளையம் அந்த இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்து, அவை புறப்பட்ட இடத்தைக் கணக்கிடுகிறது.

சர்க்கரை போன்ற அந்தப் பொருளுக்கு ஒரு குணம் உண்டு. செல்லுக்குள் குளுக்கோஸ் போலவே நுழையும். ஆனால் முழுதாக எரியாமல் அங்கேயே சிக்கிக்கொள்ளும். அதில் உள்ள புளோரின் அணுவின் வீரியம் பாதியாகக் குறைய 110 நிமிடம் ஆகும். ஆகவே ஒருவரை மிதிவண்டி மிதிக்கவைத்து, மிதித்துக்கொண்டிருக்கும்போதே ஊசி போட்டு, மிதித்து முடிந்த பின் ஸ்கேன் மேசையில் படுக்கவைத்தாலும், மிதித்த நேரத்துச் செலவே படத்தில் தெரியும். பகலில் மூட்டைகளில் குத்திய முத்திரையை மாலையில் எண்ணுவது போன்ற ஏற்பாடு.

பின்லாந்தின் துர்க்கு நகரில் 2005ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் இப்படித்தான் செய்தார்கள். உழைப்பு கடுமையாகக் கடுமையாக மூளை வாங்கும் குளுக்கோஸ் கூடவில்லை, குறைந்தது! மேலே சொன்ன லாக்டேட் கணக்கோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் புலப்படும். மலிவாகவும் ஏராளமாகவும் வேறு சரக்கு வாசலுக்கே வரும்போது, வழக்கமான சரக்கின் கொள்முதலை மூளை குறைத்துக்கொள்கிறது என்றே கொள்ளத் தோன்றுகிறது.

எரிபொருள் கணக்கு இப்படி. மூளைச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ரசாயனங்களின் கணக்கு வேறு. அவற்றில் டோபமைன் என்பது உடல் அசைவுக்கும் ஊக்கத்துக்கும் இன்றியமையாதது. இதை நேரடியாகப் பிடித்து எடை போட வழியில்லை. எனவே ஓர் உபாயம் செய்தார்கள். டோபமைன் வந்து அமரும் இருக்கைகளில் ராக்லோபிரைடு என்ற மருந்தும் அமரும். அதில் கதிரியக்கக் கரியணுவைக் கோத்துச் செலுத்தினால், எத்தனை இருக்கையில் அது அமர்ந்திருக்கிறது என்பது படத்தில் தெரியும். மூளை டோபமைனைக் கூடுதலாக வெளியிட்டால், அது போய் அமர, ராக்லோபிரைடுக்கு இடம் குறையும். படத்தில் ஒளி குறைந்தால் டோபமைன் கூடியிருக்கிறது என்று பொருள். பந்தியில் இலை எத்தனை காலி என்பதைப் பார்த்து விருந்தினர் எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்வது போல. இந்தக் கரியணுவின் வீரியம் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். கீரையைவிட விரைவாக வாடும் சரக்கு! ஆகவே அதைத் தயாரிக்கும் பெரிய இயந்திரம் ஸ்கேன் அறைக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

1998ஆம் ஆண்டு லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் இம்முறையால் ஒரு புகழ்பெற்ற சோதனை நடந்தது. எட்டு ஆண்களைப் படுக்கவைத்து, திரையில் ஒரு பீரங்கி வண்டியைக் கையால் ஓட்டும் விளையாட்டைக் கொடுத்தார்கள். வென்றால் பணமும் உண்டு. விளையாடும்போது ஸ்டிரையேட்டம் என்ற ஆழ்பகுதியில் டோபமைன் கூடியது. நன்றாக விளையாடியவருக்கு அதிகம் கூடியது. ஆனால் ஒப்பிடுவதற்கு அவர்கள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த நேரத்தையே எடுத்துக்கொண்டார்கள். கூடியது கை அசைவினாலா, பண ஆசையினாலா, கவனத்தினாலா என்று பிரித்துச் சொல்ல இயலாது. 2003ஆம் ஆண்டு வந்த ஓர் ஆய்வில் விரல்களை மட்டும் வரிசையாக அசைக்கச் செய்து அளந்தபோது, அசைவுக்கும் அதில் பங்கு உண்டு என்பது தெரிந்தது.

அப்படியானால் ஓடினால் டோபமைன் பெருகுமா? பெருகும் என்று நாளேடுகள் முதல் உடற்பயிற்சிக்கூட விளம்பரம் வரை எழுதுகின்றன. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தார் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 12 பேரை ஓடுபட்டையில் அரைமணி நேரம் ஓடவிட்டு, பிறகு ராக்லோபிரைடு முறையில் அளந்தார்கள். குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை! ஓடும்போது கூடியது ஸ்கேன் எடுப்பதற்குள் தணிந்திருக்கலாம். அளக்கும் முறையின் கூர்மை போதாமலும் இருக்கலாம். மனிதரில் கூடவே இல்லை என்றும் இருக்கலாம். எதுவானாலும், விளம்பரத்தில் உள்ள உறுதி அளவுகோலில் இல்லை. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்று எழுதி வெளியிட்ட அந்த ஆய்வாளர்களின் நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். எடை குறைந்தால் குறைந்தது என்று சொல்பவனே வியாபாரி.

நீண்ட தூரம் ஓடுவோருக்கு வரும் ஒருவித மகிழ்ச்சிக்கு எண்டார்பின் காரணம் என்ற பேச்சும் அப்படித்தான் வெகுகாலம் சான்றில்லாமல் நடமாடியது. ஓடியவரின் கை இரத்தத்தில் எண்டார்பின் கூடியிருந்ததைக் கண்டு அவ்வாறு கூறினார்கள். ஆனால் இரத்தத்தில் உள்ளது எளிதில் மூளைக்குள் போவதில்லை. இடையில் கடுமையான சோதனைச்சாவடி ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் லாரிகளை எண்ணிவிட்டு, பூட்டிய கிடங்கில் இத்தனை மூட்டை இருக்கிறது என்று சொல்ல முடியுமா? 2008இல்தான் ஜெர்மனியின் மியூனிக் நகரில் 10 ஓட்டப் பயிற்சியாளர்களை இரண்டு மணி நேரம் ஓடச்செய்து, மூளையிலேயே இருக்கை காலியாகும் முறையில் அளந்தார்கள். உணர்ச்சிக்குரிய பகுதிகளில் இருக்கைகள் நிரம்பியிருந்தன. மகிழ்ச்சி மிகுந்தவரிடம் அதிகம் நிரம்பியிருந்தன. பின்னர் துர்க்கு நகரத்தார், ஒரு மணி நேர மிதமான பயிற்சியையும் குறுகிய நேரக் கடும் பயிற்சியையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், தெளிவான மாற்றம் கடும் பயிற்சியில்தான் வந்தது. ஆனால் அங்கே அது மகிழ்ச்சியோடு அல்ல, துன்ப உணர்வோடு சேர்ந்து வந்தது! வலியைத் தாங்க மூளை தன் மருந்தைத் தானே எடுத்துக்கொண்டது போலும்.

ஊசியும் கதிரியக்கமும் இல்லாமல், எம்.ஆர்.ஐ. காந்தத்தாலேயே ரசாயனங்களைப் பிரித்தறியும் முறையும் உண்டு. ஒவ்வொரு ரசாயனமும் காந்தத்தில் சற்று வேறுபட்ட சுருதியில் ஒலிக்கிறது என்று சொல்லலாம். 2016இல் கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார், 20 நிமிடத்துக்கு மேற்படாத கடும் மிதிவண்டிப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் இப்படி அளந்து, செய்திப் பரிமாற்றத்துக்கான இரண்டு ரசாயனங்கள் மூளையின் சில பகுதிகளில் கூடுவதைக் கண்டார்கள். இதிலும் தலை அசையக் கூடாது என்பதால், அளந்தது அசைவின்போது அல்ல, அசைவு நின்ற பிறகே. தலைக்கவசம் போல் மாட்டிக்கொண்டு நிற்கவும் நடக்கவும் கூடிய சிறிய பெட் கருவியை மேற்கு வர்ஜீனியாவில் செய்து பார்த்திருக்கிறார்கள். அது பரவலான பழக்கத்துக்கு வரவில்லை.

மூளைக்குள்ளேயே கருவியை வைத்து அளந்ததும் உண்டு. நடுக்குவாதத்துக்காக மூளையில் அறுவைச் சிகிச்சை செய்யும்போது நோயாளி விழித்தே இருப்பார். அவர் இசைந்தால், தலைமயிரிலும் மெல்லிய கரி இழை ஒன்றைச் சற்று நேரம் உள்ளே வைத்து, விநாடிக்குப் பத்து முறை டோபமைனை அளக்கலாம். அமெரிக்காவில் 2011இல் ஒருவரிடமும், 2016இல் வெளியான ஆய்வில் 17 பேரிடமும் இப்படி அளந்தார்கள். அப்போது அவர்கள் கைப்பொத்தானை அழுத்தி விளையாடியது என்ன தெரியுமா? சந்தையில் பணம் போடும் விளையாட்டு! கிடைத்த லாபம் மட்டும் டோபமைனை ஏற்றி இறக்கவில்லை. அதிகமாகப் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்ற கணக்கும் அதில் கலந்திருந்தது. மிளகு விலை ஏறிய அன்று, லாபம் வந்தும் இன்னும் பத்து மூட்டை வாங்கிப் போட்டிருக்கலாமே என்று மனம் வாடுவதற்கு மூளையில் ஒரு பேரேடு இருக்கிறது போலும்.

நடுக்குவாதத்தைச் சற்று விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. என் பெரியப்பா நாற்பது ஆண்டுகள் மளிகைக்கடை நடத்தியவர். அவர் வலது கை கல்லாப் பெட்டியின் மேல் சும்மா இருக்கும்போது நடுங்கும். கரண்டியை எடுத்துப் பருப்பு அள்ளும்போது நடுக்கம் நின்றுவிடும். வேலை செய்யும்போது நடுங்காததால் அது நோயே இல்லை என்று நாங்கள் இருந்துவிட்டோம். இந்த நோயின் அடையாளமே அதுதான் என்பது அப்போது தெரியாது. மூளையின் அடித்தண்டில் கறுத்த நிறமாகத் தெரியும் சிறு பகுதியில்தான், அசைவுக்கான டோபமைனைச் செய்யும் செல்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும் பங்கு அழிந்த பிறகே வெளியில் குறி தெரிகிறது. அதுவரை மிஞ்சிய செல்கள் சமாளிக்கின்றன. 1983இல் கனடாவில் முதன்முதலாக உயிருள்ள மனிதரின் மூளையில் டோபமைன் சேமிப்பைப் படமாக்கினார்கள். அதன் பின்னரே இந்தக் குறைவை நேரில் காண முடிந்தது.

இதற்கிடையில், முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் விற்கும் ஓரிடத்தில், இரத்தத்திலும் சிறுநீரிலும் டோபமைன் பார்த்து மூளையின் நிலையைச் சொல்வதாகக் கூறி நல்ல தொகை வாங்கினார்கள். அளவு சரியாக இருக்கிறது, கவலையில்லை என்று தாளும் கொடுத்தார்கள். லாரியை எண்ணிக் கிடங்கை அளந்த கதைதான். அந்தத் தாளை நம்பி எட்டு மாதம் கழித்தோம். இந்தச் செய்திக்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன் எனலாம். மேலே சொன்ன அளவுகள் எல்லாம் ஆராய்ச்சிக்கூடத்துக்கு உரியவை. கடைத்தெருவில் எடுக்கும் இரத்தத்தால் மூளைக்குள் இருக்கும் டோபமைனை அறிய முடியாது. நடுக்குவாதத்தை நரம்பியல் மருத்துவர் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே தீர்மானிக்கிறார். ஐயம் எழும்போது மட்டும் ஸ்கேன் கேட்கிறார்.

பெரியப்பாவை இறுதியில் பார்த்த மருத்துவர், கையெழுத்து மாறியிருக்கிறதா என்று கேட்டார். நான் கடைக்குப் போய்ச் சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடுகளில் மூன்று வருடத்தவற்றைச் சுமந்து வந்தேன். முதல் ஏட்டில் பெரியப்பாவின் எழுத்து முழுசாக, உருண்டையாக இருந்தது. இரண்டாம் ஆண்டு தீபாவளிக்குப் பிறகு ஒவ்வொரு வரியும் பெரிதாகத் தொடங்கி, தொகையை எழுதும் இடத்துக்கு வருவதற்குள் எறும்பு ஊர்வது போல் சிறுத்துவிட்டது. மூன்றாம் ஆண்டு ஏட்டில் பிள்ளையார் சுழி மட்டுமே பழைய அளவில் இருந்தது. மருத்துவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு ஏட்டை மூடி வைத்துவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துத் தட்டிக் காட்டும்படி பெரியப்பாவிடம் சொன்னார்.